தாயி கேட்ட லீவு

அந்த நூல் மில்லில் நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் பாடம் அறுந்த நூலை ஒட்டுவது அல்ல. லீவு கேட்கக் கூடாது என்பது. சொன்னவள் பக்கத்து மிஷினில் நின்ற அக்கா. நூல் சுற்றுகிற மிஷின்கள் ஓடும்போது அந்த ஷெட்டுக்குள் எதுவும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். புதுசாய் வந்த எனக்கே அவள் உதடு தெளிவாகப் புரிந்தது. "லீவு மட்டும் கேட்றாதத்தா. மறுநா வாசல்லயே நிப்பாட்டிருவாக."

வாசலில் நிற்பாட்டுவது என்றால் என்னவென்று பிறகு கண்ணால் பார்த்தேன். ஒரு நாள் வராமல் இருந்தவளை மறுநாள் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்வார். மேனேஜர் எப்போது கூப்பிடுகிறாரோ அப்போதுதான் உள்ளே போகலாம். அவர் அன்றைக்கும் கூப்பிடலாம், வாரக் கடைசியிலும் கூப்பிடலாம். சோற்றுத் தூக்குவாளியோடு காலையில் வந்து நின்று, சாயங்காலம் மில் வேனிலேயே வீட்டுக்குத் திரும்பிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அடிக்கவில்லை, திட்டவில்லை, வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. சும்மா நிற்க வைத்தார்கள். அதற்கே எல்லோரும் செத்துப் பிழைத்தோம்.

எனக்கு ஊர் ராயப்பன்பட்டி. பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிக்க வைக்க வீட்டில் வழியில்லாமல், அல்லிநகரத்தில் இருந்த என் சித்தி வீட்டில் தங்கி மில்லுக்குப் போனேன். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, அந்தச் சமயம். வாய்த்துடுக்கு எனக்கு அப்போதே உண்டு. அந்த அக்காவுக்குக் கடமலைக்குண்டுப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் ஜீப் கவிழ்ந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இருட்டு விலகும் முன்னே மில் வேன் அவள் தெருவுக்கு வந்துவிடும். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் ஒருத்தி கால் நோக நடந்ததால்தான்.

நடை என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் வேலையே நடைதான். மிஷினுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தைச் சைடு என்போம். ஆளுக்கு இத்தனை சைடு என்று கொடுத்துவிடுவார்கள். அதன் நெடுகப் போவதும் வருவதுமாக எங்கே நூல் அறுகிறதோ அங்கே ஓடிப்போய் ஒட்ட வேண்டும். நான் சேர்ந்த பிறகு ஆட்கள் குறைந்தார்கள், சைடு கூடியது. உட்கார ஒரு முக்காலி கிடையாது. பஞ்சு காயாமல் இருக்க மேலே இருந்து நீர்ப்புகை அடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த வேக்காட்டில் ரவிக்கை ஒட்டிப்போய், மூக்கிலும் இமையிலும் பஞ்சு படிந்து, நாங்கள் எல்லோரும் கிழவிகளாக வெளியே வருவோம். கக்கூஸ் கதவுக்குப் பூட்டு. சாவி மேஸ்திரி இடுப்பில். அவரிடம் போய் ஜாடை காட்டிச் சாவி வாங்குவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, தண்ணீரே குடிக்காமல் ஷிப்டை ஓட்டியவர்கள் பாதிப் பேர். பிள்ளைகள் மயங்கி விழுவது வாடிக்கை. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, சோடா கொடுத்து, மறுபடியும் சைடில் நிறுத்துவார்கள்.

ஷெட்டின் ஒரு மூலையில் அம்மன் படம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை முதல் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு அங்கே பூஜை. தேங்காய், எலுமிச்சம்பழம், பொரிகடலை. மிஷின்கள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவற்றை அடுத்த ஷிப்டு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். வேலை முடித்தவர்கள் கும்பிட்டுவிட்டு வேன் ஏறுவார்கள். மேனேஜரே முன்னால் நின்று நடத்துவார். உள்ளூர்க்காரர், நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை என்றால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத ஆள். லேபர் ஆபீசர் வந்தால் ஜீப்பை விட்டு இறங்கவிடாமலே அனுப்பிவிடுவார், கூலிக்காரர்கள் கூட்டமாய் வந்தால் வாட்ச்மேனை விட்டுக் கலைத்துவிடுவார். சாமிக்கு மட்டும் பயந்து சாவார். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பதால் கதவோரம் நின்றுகொள்வேன். பொரி தின்ன மட்டும் எனக்குத் தடை எதுவும் இல்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சூடம் காட்டும்போது அக்காவுக்கு அருள் வந்துவிட்டது. முதலில் கால் உதறியது. பிறகு முடி அவிழ்ந்தது. மிஷின் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் வந்தது பாருங்கள், அது அவளுடையது என்று நம்பவே முடியவில்லை. மேனேஜருக்கு நேராய் விரலை நீட்டினாள்.

"ஏலே. எம் புள்ளைகள ஒண்ணுக்குப் போகவிடாம கதவப் பூட்டி வச்சிருக்கியே, ஒன் வீட்டுல அப்பிடிப் பூட்டுவியா?"

மேனேஜர் துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிவிட்டார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர், தப்புதான் தாயி, தப்புதான் தாயி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்கே பூட்டு கழன்றது. சங்கம் வைக்கிறேன் என்று கிளம்பியவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பூட்டை ஒருவராலும் திறக்க முடியவில்லை.

மறுநாள் சோற்று நேரத்தில் நான் சும்மா இருக்காமல் அவளைக் கேட்டேன், நிஜமாகவே வந்ததா, இல்லை நடிப்பா என்று. அவள் கோபப்படவில்லை. புளிச்சோற்றை உருட்டிக்கொண்டே யோசித்தாள். "தெரியலத்தா. வாயத் தொறக்கும்போது நானாத்தான் இருந்தேன். மூடும்போது நான் இல்ல," என்றாள். பிறகு என் தட்டில் இருந்த கருவாட்டைப் பார்த்து, மாதாவுக்கு இந்த வாடை பிடிக்குமா என்று கேலி பண்ணினாள். அவள் சிரித்தால் முன்பல் இடைவெளியில் நாக்கு தெரியும்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அருள் வந்தது. வெளிக்காற்று வரச் சுவரில் மின்விசிறி ஒன்று தாயி கேட்டு வாங்கியது. இரண்டாவது டீ, தாயி கேட்டது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைச் சைடிலிருந்து மாற்றி உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போட வைத்ததும் தாயிதான். வேனில் வரும்போதே பெண்கள் அவள் காதோடு வாய் வைத்துச் சொல்லுவார்கள். யக்கா, மேஸ்திரி கையப் பிடிக்கிறாருக்கா. யக்கா, எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது, கண்ண மூடுனா மிஷினு ஓடுது. யக்கா, செத்துப் போயிரலாம்னு இருக்கு. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். சாமி வந்தால் சொல்லிவிடும் என்பாள். நெஞ்சில் கிடந்ததை எல்லாம் அவளிடம் இறக்கி வைத்துவிட்டு அதுகள் லேசாய் வேனை விட்டு இறங்கும். அவளுக்கு என்ன குறை என்று யார் கேட்டார்கள்? ஒருத்தியும் கேட்கவில்லை.

மேனேஜருக்கும் இது தோதாய்ப் போய்விட்டது. வருகிற குறையில் ஏதோ ஒன்றைத் தாயி பேரைச் சொல்லித் தீர்த்துவைத்தால் மீதிக்கு யாரும் வாய் திறப்பதில்லை. அவளை எப்போதும் முதல் ஷிப்டிலேயே நிரந்தரமாய்ப் போட்டார், வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஆள் இருக்க வேண்டும் என்று. எங்களுக்கெல்லாம் வாரம் மாறி ராத்திரி ஷிப்டு. அவளுக்கு மட்டும் பகல். அக்காவுக்கு யோகம்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவளோ வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீரோடு ஷிப்டு முழுக்க நடந்துவிட்டு, அதற்குப் பிறகு ஆடவும் செய்தாள்.

ஒரு தடவை வெளிநாட்டுக்கு நூல் வாங்குகிற கம்பெனி சொல்லிவிட்டதென்று மதுரையிலிருந்து டை கட்டிய ஆள் ஒருவர் வந்தார். தொழிலாளிகளின் மன அழுத்தத்தைப் போக்க வகுப்பு. எங்களைக் கேன்டீனில் உட்கார வைத்து, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்து, ஓர் அருவியை நினைத்துக்கொள்ளச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னதுதான் தாமதம், முக்கால்வாசிப் பேர் குறட்டை. பின்வரிசையில் ஒருத்தி பெஞ்சிலிருந்து சரிந்தே விழுந்தாள். அவர் ஆடிப்போய், இவர்களுக்கு என்ன பிரச்சினை என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் எங்கள் முன்னாலேயே பெருமையாய்ச் சொன்னார், இந்த மில்லில் ஸ்ட்ரெஸ் என்பதே கிடையாது, வெள்ளிக்கிழமை தாயி வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைத்துவிடுகிறாள் என்று. டைக்காரர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்.

அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் அக்காவுக்கு நெஞ்சு வலிக்க ஆரம்பித்தது. முதலில் வாயு என்றாள். பூண்டு தட்டிப் போட்டுக் குடித்தாள். பிறகு சைடின் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் நூல் ஒட்டினாள். கடமலைக்குண்டில் இருந்த டாக்டர், குழலை வைத்துப் பார்த்துவிட்டு, தன் கையில் இது இல்லை என்று சொல்லிவிட்டார். தேனியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து இருதய டாக்டர் வருவார், புதன்கிழமை காலையில் மட்டும், மதியத்துக்குள் கிளம்பிவிடுவார், தள்ளிப்போடாமல் போய்ப் பார் என்று அனுப்பினார்.

புதன்கிழமை காலை. அவள் நிரந்தரமாய் முதல் ஷிப்டு. அவளுக்கு வார ஆஃப் ஞாயிறு. ஆக, ஒரே ஒரு புதன்கிழமை லீவு வேண்டும். இதுதான் விஷயம். இவ்வளவு சின்ன விஷயம்.

மேஸ்திரியைக் கேட்டாள். அவர் மேனேஜரைக் கேட்கச் சொன்னார். மேனேஜர், ஆர்டர் அனுப்புகிற நேரம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் வேறோர் ஆர்டர். ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள், ராத்திரி வேலை பார்த்துவிட்டு அப்படியே காலையில் டாக்டரிடம் போய்விடுவேன் என்று. பூஜைக்கு ஆள் வேண்டாமா என்றார். சொல்லாமல் நின்றுவிடலாம் என்றால் வேப்பமரத்தடி. அவள் அங்கே நின்றால் வீட்டில் அடுப்பு அணையும்.

அப்போதுதான் வேனில் ஒருத்தி சொன்னாள், யக்கா, நீதான சாமியாடி, வெள்ளிக்கிழம நீயே கேளு, ஒரு நொடியில தருவாக என்று. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவள் மட்டும் வெடுக்கென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். கை கழுவுகிற தொட்டிப் பக்கம், மிஷின் சத்தம் கொஞ்சம் குறைவாய்க் கேட்கிற இடம்.

"ஊருக்கெல்லாம் கேக்குறீல்ல. ஒனக்கு ஒரு நா கேட்டா என்னக்கா?"

"சாமி ஏறுற ஒடம்புக்குன்னு சாமி எதுவும் கேக்காதுத்தா. கேட்டா அது சாமி இல்ல. இவதான் வாய வச்சுப் பொழைக்கிறான்னு ஆயிரும்."

"ஆனா ஆகட்டும்."

"ஆகட்டும்னா? நான் பொய்யின்னு தெரிஞ்ச அன்னைக்கே அந்தக் கதவுக்குப் பூட்டு வந்துரும். சொவத்துல ஓடுற ஃபேன நிப்பாட்டுவாக. வாயும் வயிறுமா உக்காந்திருக்கே ஒரு புள்ள, அதத் திரும்பச் சைடுல தள்ளுவாக. எல்லாம் எம் பேச்ச நம்பித்தான் நிக்குது."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. உன் சாமியைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு, செத்துப் போனால் இந்தப் பிள்ளைகளா உன் பிள்ளைகளுக்குச் சோறு போடும் என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சைடுக்குப் போய்விட்டாள். இரண்டொரு நாள் உதடு அசைத்துக்கூட என்னோடு பேசவில்லை.

நானே மேனேஜர் ரூமுக்குப் போனேன். அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை, நெஞ்சில் வலி, ஒரு புதன்கிழமை விடுங்கள், அவள் சைடையும் சேர்த்து நான் பார்க்கிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கெட்ட மனிதர் மாதிரியே பேசவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கு என்னம்மா குறை, தாயியே கூட இருக்கா, தாயி இருக்கிற உடம்பை நோய் அண்டுமா என்றார். உனக்கு இதெல்லாம் தெரியாது, நீ வேற மதம் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் நம்பித்தான் சொன்னார். எனக்கு இன்றைக்கும் அதுதான் ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தபோதே அவள் நிறம் சரியில்லை. உதடு வெளுத்து, மேலுதட்டில் வேர்வை பொட்டுப் பொட்டாய் நின்றது. என்னைப் பார்த்து, கோபமெல்லாம் போய், லேசாய்ச் சிரித்தாள். ஷிப்டு தொடங்கும் முன்னே மேனேஜர் சுற்றி வந்தார். அவள் மிஷினை விட்டு நகர்ந்து போய் அவர் எதிரில் நின்றாள். நான் உதட்டைப் படித்தேன். முடியல சார், வர்ற புதங்கெழம மட்டும் விட்டுருங்க சார் என்றாள். சாமியாய் இல்லை, அவளாய்க் கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என்னிடம் கேட்கிறாயே, மத்தியானம் தாயி வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினுக்குப் போனார்.

அவள் சைடுக்குத் திரும்பி வந்தாள். தாயி வந்தாலும் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

மூன்று மணிக்குப் பூஜை. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் அன்றைய நடையை முடித்துவிட்டு அவள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நான் வழக்கம்போலக் கதவோரம். தேங்காய் உடைந்தது. சூடம் ஏற்றினார்கள். எப்போதும் அவளுக்குக் காலில்தான் தொடங்கும். அன்றைக்குக் கால் அசையவே இல்லை. தாடை இறுகியது. இடது தோள் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. கை மார்பைப் பிடித்தது. முழங்கால் மடங்கப் பார்த்து, பிறகு நின்றது. கூட்டம், வந்துருச்சு வந்துருச்சு என்று பின்னால் நகர்ந்து வட்டமாய் இடம் விட்டது. அந்த வட்டத்துக்குள் அவள் ஒருத்தி மட்டும்.

இது சாமி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உள்ளே ஓடினேன். காலில் செருப்பு வேறு. இரண்டு பெண்கள் குறுக்கே விழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். என் மேல் பாசமாய் இருந்தவர்கள்தான், என் தட்டில் கை போட்டுச் சாப்பிட்டவர்கள்தான்.

"வேதக்கார புள்ள, தொட்றாத. கவுச்சி தின்ன ஒடம்பு. சாமி கோவிச்சுக்கிரும்."

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலும் கறி எடுப்பதில்லை என்று சொல்ல எனக்கு எங்கே வாய் வந்தது? நெஞ்சு வலி, நெஞ்சு வலி, தூக்குங்கள் என்றுதான் கத்தினேன். நூறு மிஷின் ஓடுகிற இடத்தில் ஒரு வாய் கத்தினால் என்ன கேட்கும். என் உதட்டைப் பார்க்க ஒருத்தியும் திரும்பவில்லை. எல்லாக் கண்ணும் அவள் மேல்.

மேனேஜர் கையைக் கூப்பிக்கொண்டு கிட்டே போனார். சொல்லு தாயி, ஒன் புள்ளைகளுக்கு என்ன வேணும், சொல்லு என்றார். அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. பெரிய குரல் வரவில்லை. சின்னக் குரல்கூட வந்ததா என்று தெரியாது. நான் உதட்டைத்தான் பார்த்தேன்.

"எனக்கு லீவு குடுங்க சார்."

சார் என்றாள். தாயி ஒரு நாளும் அவரைச் சார் என்றது கிடையாது. ஏலே என்றுதான் கூப்பிடும். அந்த ஒரு சொல்லைக்கூட அங்கே நின்ற ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. மேனேஜர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. கூட்டத்தின் பக்கம் திரும்பி, கையைத் தூக்கி, தொண்டை கிழியச் சொன்னார்: தாயி லீவு கேட்டுருச்சு, வர்ற அமாவாசைக்கு மில்லுக்கே லீவு.

பெண்கள் குலவை போட்டார்கள். அந்த மில் தொடங்கிய நாளிலிருந்து நின்றதே இல்லை. பொங்கலுக்குக்கூட ஒரு ஷிப்டு ஓடும். சந்தோஷத்தில் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். அந்தக் குலவைக்கு நடுவில் அவள் அப்படியே மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, தரையில் கிடந்த பஞ்சுக் கழிவின் மேல் விழுந்தாள். அருள் இறங்கினால் விழுவது வழக்கம்தான். அதனால் யாரும் பதறவில்லை. நெற்றியில் திருநீறு பூசி, வேப்பிலையால் விசிறி, சாமி மலையேறட்டும் என்று காத்திருந்தார்கள். தோளைப் பிடித்திருந்தவளின் கையை நான் கடித்தேன். கடித்துவிட்டு ஓடிப்போய் அவளைப் புரட்டினேன். கண் திறந்தே இருந்தது. பல் இடைவெளியில் நாக்கு தெரிந்தது.

வேன் டிரைவர்தான் கடைசியில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வேனில் அவள் தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஆடி வெள்ளிக்கு வீரபாண்டி கோயிலுக்குப் போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இழுத்து வந்தவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னம்மா இவ்வளவு நேரம் கழித்து என்றார். நான் அவருக்கு என்ன சொல்வேன்? லீவு கிடைக்கவில்லை என்றா?

மில்லில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தாயியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். சுமங்கலியாய், வெள்ளிக்கிழமையில், சந்நிதியில், இந்தச் சாவு யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். மேனேஜர் அவள் போட்டோவைப் பெரிதாக்கி அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி மாலை போட்டார். நாலு பெண்களோடு எனக்குக் கைகலப்பே ஆகியிருக்கும். கூட இருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். சவத்தை எடுத்த அன்றைக்கு மிஷின் நிற்கவில்லை. அடக்கத்துக்குப் போக லீவு கேட்டவர்களுக்கு, அதான் அமாவாசைக்கு விட்டாச்சே, அன்றைக்குப் போய்க்கொள்ளுங்கள் என்றார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மேனேஜர், அதைச் சொல்லாவிட்டால் பாவம். அமாவாசை அன்றைக்கு மில் நின்றது. நாங்கள் ஒரு வேன் நிறையப் பெண்கள் கடமலைக்குண்டுக்குப் போனோம். சத்தமே இல்லாத இடத்தில் எங்களுக்குப் பேசத் தெரியவில்லை. அவள் வீடு ஓட்டு வீடு. கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன் படுத்திருந்தார். எங்களைக் கண்டதும் கையை ஊன்றிப் பாதி எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார். பெரிய மகள் கோணியை விரித்தாள். உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் எல்லோரும் அழுதார்கள். அவர் அழவில்லை. எங்கள் தலைகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீக? இன்னைக்கி மில்லு ஓடலையா?" என்று கேட்டார்.

"லீவுண்ணே," என்றாள் என் தோளைப் பிடித்து நிறுத்தியவர்களில் ஒருத்தி.

"அங்கன லீவெல்லாம் விடுவாகளா? இவ மாசக்கணக்காக் கேட்டாளே."

அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டாள். ஆறுதல் சொல்கிறோம் என்றுதான் நினைத்திருப்பாள்.

"அக்கா கேட்டு வாங்கிக் குடுத்த லீவுதாண்ணே இது. எங்க எல்லாருக்கும்."

அதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது போல அவர் உதடு அசைந்தது. சத்தமில்லாமல் பேசும் உதட்டைப் படிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் படித்தோம்.

"அப்ப அவளுக்கு?"